விட்டுப்போன பயணம்

"இன்னொரு பயணம் விட்டுப்போச்சேக்கா" என்று அலீனா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "வியாழக்கிழமையில வேலூர் போவீங்களே, அத சொல்லவே இல்லியே."

பாரதியின் கையிலிருந்த ஊசி பாதித் தோலில் நின்றுவிட்டது. மடியில் ஷூவின் மேல்பாகம் ஒன்று கிடந்தது. தைத்து முடித்தவை பக்கத்தில் ஒரு சாக்குப்பையை நிறைத்திருந்தன. அவள் தலையைத் தூக்கவில்லை. வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கணவர் வேதாசலம் கையை நிறுத்தினார். துணியை நாலாக மடித்து சீட்டின் மேல் வைத்தார். பிறகு உள்ளே வந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். கோபமாக வந்தவர் மாதிரி தெரியவில்லை. தானும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தவர் மாதிரிதான் இருந்தார்.

"எந்த பஸ்ஸுமா?" என்று கேட்டார்.

அப்போதும் அலீனாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "மாதனூர்ல ஏறுனாங்களேண்ணா, மத்தியானம் வர்ற பஸ்ஸு. அன்னிக்கு நான்தான் அக்காகிட்ட கேள்வி கேட்டேன்" என்று பதில் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் பாரதியின் முகத்தைப் பார்த்தாள். டேப்லெட்டில் அடிக்கப்போன விரலை எடுத்துக்கொண்டாள்.

தப்பு அலீனாவுடையதுதான். ஆனால் அது சொல்லிக்கொடுத்து வந்த தப்பு. வேலூரிலும் ஆம்பூரிலும் ஜனங்கள் எப்படிப் போகிறார்கள், எப்படி வருகிறார்கள், பஸ் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று இரண்டு ஊரையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கல்லூரி ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்த அலீனாவுக்கு உருதும் வரும், தமிழும் வரும், ஆம்பூரில் எந்தச் சந்துக்குள்ளும் கூச்சமில்லாமல் நுழைவாள் என்பதால் வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டும் கொடுத்துப் பயிற்சி நடத்திய மேற்பார்வையாளர் வசந்த், அன்று முழுக்க ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜனங்கள் பொய் சொல்லமாட்டார்கள், மறந்துவிடுவார்கள். அதிலும் பெண்கள், ரேஷன் கடைக்குப் போனதையும் பிள்ளையை ஸ்கூலில் விட்டதையும் பயணம் என்றே நினைக்கமாட்டார்கள். "விட்டுப்போன பயணத்த நீங்கதான் ஞாபகப்படுத்தி வெளிய எடுக்கணும். இந்த வேலைல தெறமங்கறதே அதுதான்" என்றார். எடுப்பதில் அலீனாவை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு மாதத்திலேயே அவள் பெயர் வாங்கியிருந்தாள்.

வேலையும் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. நேற்றுவரை ஒரே மாவட்டத்தில் இருந்த இரண்டு ஊர்களுக்குள் இத்தனை வித்தியாசமா என்று ஆச்சரியமாக இருந்தது. வேலூர்க்காரர்கள் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள், காத்திருந்து திட்டுவார்கள், திட்டிக்கொண்டே ஏறுவார்கள். ஆம்பூர்க்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஷேர் ஆட்டோ, அது கிடைக்காவிட்டால் நடை, கம்பெனிக்குப் போகிறவர்களுக்குக் கம்பெனி வேன். சொந்தமாக ஒரு பைக் வந்துவிட்டால் அதோடு சரி, அந்த மனிதர் சாகும்வரை பஸ் படியில் கால் வைக்கமாட்டார், தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கவும் பைக்கில்தான் போவார். "வண்டி இருக்கிறவர் பஸ்ல ஏறுனா அதுக்கு ஒரு தனிக் காரணம் இருக்கும். அத விடாம கேளுங்க" என்று வசந்த் சொல்லியிருந்தார். அப்படி ஒருவரைக்கூட அலீனா அதுவரை பார்த்ததில்லை.

பாரதியை அவள் முதலில் பார்த்தது வேலூர் பஸ்ஸில் கேள்வி கேட்டுக்கொண்டு போனபோது, மாதனூரில் ஏறிய பயணியாகத்தான். காலியான சாக்குப்பையைச் சின்னதாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் கொஞ்சம் சந்தோஷமாகவே பதில் சொன்னாள். வீட்டிலிருந்து ஷூ தைத்துக் கொடுக்கிறாள். வியாழக்கிழமை சரக்கு கொடுக்கிற நாள். ஆம்பூரிலிருந்து மாதனூர் ஷூ யூனிட்டுக்கு ஷேர் ஆட்டோ. சரக்கை எண்ணி வாங்க சாயங்காலம் ஆகும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் சீக்கிரமே விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளியில்தான் வேலூர்.

"எதுக்காகப் போறீங்கக்கா? வேலையா, ஆஸ்பத்திரியா, சொந்தக்காரங்களப் பாக்கவா?"

"பொண்ணப் பாக்க" என்றாள் பாரதி. "மாசமா இருக்குது. ஒம்பதாவது."

"போன் பண்ணிட்டுப் போவீங்களா?" இது கேள்விப் பட்டியலில் இல்லாதது. அலீனா சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"போனெல்லாம் இல்லம்மா. வியாழக்கிழமைன்னா இந்த பஸ்ஸுன்னு ஒரு கணக்கு. அவ பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுவா. லேடீஸ் எறங்கற முன்படிகிட்டயே நிப்பா. அங்கயே கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டு அடுத்த பஸ்ல நான் திரும்பிடுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுல பேரு கீரு எழுதறியாம்மா?" என்று கேட்டாள்.

"பேரெல்லாம் இல்லக்கா. யாருக்கும் தெரியாது."

அந்த வாக்கைத்தான் அலீனா இப்போது அவள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து உடைத்திருந்தாள். குடும்பங்களைக் கேட்பதற்காகக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுத்த தெருவில் இந்த வீடும் வந்துவிட்டது. தெரிந்த முகம் என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். மார்க்கெட், ரேஷன் கடை, மாதனூர் யூனிட் என்று பாரதி சொல்லிக்கொண்டு வந்து நிறுத்தியபோது, பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்தாள்.

"அது நான் இல்லம்மா. வேற யாரையோ பாத்திருப்ப" என்றாள் பாரதி, ஊசியைப் பார்த்தபடி.

"ஆமாக்கா. நான்தான் மாத்திப் பேசறேன். தெனம் எத்தினியோ பேரப் பாக்கறனா…"

"பரவால்லமா" என்றார் வேதாசலம். "வூட்ல எத்தினி பேருன்னு கேட்டியே, எழுதிட்டியா? ரெண்டு பேருதான். ஒரு பொண்ணு இருந்தா. செத்துப்போய்ட்டா."

அவர் சாய்ந்திருந்த சுவரில் ஒரு ஆணியும், அதன் கீழே படம் மாட்டியிருந்த அளவுக்கு வெளுத்த சுண்ணாம்பும் இருந்தன. பாரதி மறுபடி தைக்க ஆரம்பித்தாள். ஊசி விரலில் ஏறியது. வந்த ரத்தத்தைத் தோலின் உட்பக்கத்தில், லைனிங் ஒட்டினால் மறைந்துவிடுகிற இடத்தில், துடைத்துக்கொண்டாள்.

மீதிக் கேள்விகளை எப்படிக் கேட்டு முடித்தாள் என்பது அலீனாவுக்குத் தெரியாது. அடுத்த வீட்டு அன்னம்மாள்தான் அவளைச் செருப்புகூடக் கழற்றவிடாமல் இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கேட்காமலேயே சொன்னாள். "அந்தப் பொண்ணு ஹேமா சாவலம்மா. வேற ஜாதிப் பையனக் கட்டிக்கினு போய்ட்டா. இந்தாளும் இவரு தம்பியும் கத்திய எடுத்துக்கினு ஓசூர் வரைக்கும் தேடிட்டு வந்தாங்க. எங்க கீறாங்கன்னு இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாம இருக்கறவரைக்கும்தான் உசுரு."

அன்றிலிருந்து அலீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அம்மா குர்ஷித், வெயிலில் சுற்றியதால் வந்த காய்ச்சல் என்று முடிவு கட்டி, நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், சொன்ன மறுநிமிஷம் இந்த வேலைக்கு முழுக்குப் போடச் சொல்வாள், அதனால் பாரதிக்கு என்ன பிரயோஜனம் என்று தோன்றி மூடிக்கொண்டாள். டேப்லெட்டில் இருந்தது வேதாசலத்தின் போன் நம்பர்தான். மாதனூரில் யூனிட் எங்கே என்று தெரியாது. அங்கே அந்த மாதிரி ஷெட்டுகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. துணிந்து ஒருநாள் அந்தத் தெருவுக்கே போனாள். வேதாசலம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "இன்னாமா, கேள்வி இன்னும் பாக்கி கீதா?" என்று கேட்டார். உள்ளே பாரதி எப்போதும்போலத் தைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அடி எதுவும் தெரியவில்லை. வீட்டில் சத்தம் எதுவும் நடந்ததாக அன்னம்மாளும் சொல்லவில்லை. ஒருவேளை அவர் நம்பியிருக்கமாட்டார், ஒருவேளை மறந்திருப்பார் என்று அலீனா தன்னையே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஒன்றுமே நடக்காததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. அன்று வேறு யாருக்கோ ஒதுக்கியிருந்த அந்த மத்தியான வேலூர் பஸ்ஸை, தலைவலி, தெருவில் அலைய முடியாது என்று சொல்லி மாற்றி வாங்கிக்கொண்டாள். மாதனூரில் இறங்க வேண்டும், நிறுத்தத்தில் நிற்கிற பாரதியைத் தனியாகப் பிடிக்க வேண்டும், கொஞ்ச நாளைக்குப் போகாதீங்கக்கா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. அலீனா வழக்கம்போலப் பின்பக்கமிருந்து ஆரம்பித்தாள். பாகாயத்துக்குப் போகிற ஒரு பெரியவர், பரீட்சை எழுதப்போகிற ஒரு பெண். கேள்விகள் வாயில் வந்துகொண்டிருந்தன, காது மட்டும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் மாஸ்க் போட்டு, தலையில் தொப்பியை இழுத்துவிட்டிருந்த ஆளைத் தாண்டிப் போகும்போது அவர் டேப்லெட்டின் மேல் விரல் வைத்தார். நகங்களில் தோல் பதனிடும் ஷாப் வேலைக்காரர்களின் நீலக் கறை இருந்தது.

"மேடம், என்னைய எழுதிக்கல?"

மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கினார். வேதாசலம்.

பக்கத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க… எங்க ஏறுனீங்கண்ணா?" என்று கேட்டாள் அலீனா.

"ஆம்பூரு."

"எங்க எறங்குவீங்க?"

"அவ எங்க எறங்கறாளோ அங்க."

அவள் விரல் எதையோ தொட்டது, திரை அடுத்த கேள்விக்குப் போனது. அதைத்தான் படிக்க முடிந்தது. "வீட்ல வண்டி இருக்குதா?"

"கீது. தம்பி எடுத்தாறான், பின்னாலயே." அவர் தலையைத் திருப்பாமல் கட்டைவிரலால் பின்கண்ணாடியைக் காட்டினார். துடைத்துப் பளபளவென்றிருந்த அந்த பைக் பஸ்ஸை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. "அவகிட்ட நான் ஒண்ணும் கேக்கல, தெரியுமா? ஒரு வார்த்த கேக்கல. கேட்டா போவமாட்டா." மாஸ்க்கை மறுபடி ஏற்றிக்கொண்டார். "இன்னா காரணம்னு கேப்பியே, கேளு. சொந்தக்காரங்களப் பாக்கன்னு எழுதிக்கோ."

அலீனா முன்பக்கம் போனாள். எத்தனை கால்களை மிதித்தாள், யார் யார் திட்டினார்கள் என்று தெரியவில்லை. மாதனூர் தாண்டிவிட்டதா, இனிமேல்தான் வருமா என்று அவள் மனம் சின்னப்பிள்ளை மாதிரி தடுமாறியது. முன்படிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மாதனூர் நிறுத்தத்தில் பாரதி நின்றிருந்தாள். மடித்த சாக்குப்பை அக்குளில், இன்னொரு கையில் ஒரு தூக்குப் பாத்திரம். மகளுக்காக ஏதோ செய்து எடுத்து வந்திருக்க வேண்டும். பஸ்ஸைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். வேகம் குறைந்தது. படியில் நிற்கிற அலீனாவைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. அலீனா தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம். பிறகு கண்ணால் பின்பக்கத்தைக் காட்டினாள். பாரதியின் பார்வை ஜன்னல் ஜன்னலாகப் போய், கடைசி ஜன்னலில் ஒரு கணம் நின்று, திரும்பி வந்தது. தூக்கிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

"ஏறுமா ஏறுமா, வேலூரு" என்றார் கண்டக்டர்.

"நான் வரலப்பா" என்றாள் பாரதி. ஆனால் நகரவில்லை. அலீனாவை அண்ணாந்து பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கோபப்பட நேரம் இல்லாதவள் பார்வை அது. "அவ வந்து நிப்பாம்மா" என்றாள், உதடு மட்டும் அசைய.

விசில் அடித்தது. பஸ் கிளம்பிய பிறகுதான் அந்த வார்த்தையின் முழு அர்த்தம் அலீனாவின் தலையில் இறங்கியது. அம்மாவைத் தடுத்தாகிவிட்டது. பஸ்ஸைத் தடுக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி முன்படி நிற்கிற இடத்தைக் கணக்குப் பார்த்துப் போய் நிற்பாள். அவளைத் தேடி ஓசூர் வரை போனவர் இங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வேதாசலம் இறங்கவில்லை. பின்னாலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மாதனூரில் காலியான ஒரு சீட்டில், அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். "அவ ஏறலன்னா இன்னா?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பஸ்ஸு போற எடத்துக்குத்தான போவும்."

வேலூர் பஸ் ஸ்டாண்டில் அன்று வசந்த் இருந்தார். எந்தெந்த பஸ்ஸிலிருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணுகிற வேலை. அலீனா டேப்லெட்டைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் தன் போனை வைத்து, ஒரு விரலால் அடித்தாள். சார், ஆம்பூர் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண், பெயர் ஹேமா, உடனே அங்கிருந்து கூட்டிப் போங்கள், உயிர் ஆபத்து. ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் இரண்டு மொழிகளில் சொன்னது. எண்ணும்போது போன் அணைந்திருக்க வேண்டும், கவனம் சிதறினால் கணக்கு தப்பிவிடும் என்பது அவரே எல்லோருக்கும் போட்ட சட்டம்.

பள்ளிகொண்டா டோல்கேட் வந்தது, போனது. போலீசுக்குப் போன் செய்யலாம். நூறு என்று அழுத்திக்கூட வைத்துவிட்டாள். என்ன சொல்வது? ஒருவர் மகளைப் பார்க்க பஸ்ஸில் போகிறார் என்றா? அவர் மூச்சு அவள் முதுகில் படுகிற தூரத்தில் இருந்தது. பேசினால் கேட்கும். கேட்டால் அவருக்கு இருக்கிற சந்தேகமும் தீர்ந்து, அங்கே ஒருத்தி நிற்கிறாள் என்று இவளே சொன்ன மாதிரி ஆகிவிடும். பொய்கையில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால்? ஹைவேயில் இந்த பஸ்ஸை எந்த ஆட்டோவும் முந்தாது. அவளுக்குத் தெரியும். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் ஆகிற நேரத்தை ஒப்பிட்டு எழுதிக் கொடுத்தவளே அவள்தான்.

"அண்ணா" என்று கண்டக்டரின் சட்டையைத் தொட்டாள்.

"இன்னாமா? எறங்கணுமா?"

வேதாசலம் நிமிர்ந்து பார்த்தார். "இல்லண்ணா" என்றாள் அலீனா. பஸ் தாமதமாக வந்தது என்று வேலூர் ஜனங்கள் அவளிடம் சொல்லாத நாள் இல்லை. இன்று ஒருநாள் தாமதமாகட்டும் அல்லாஹ், டயர் வெடிக்கட்டும், ரோடு மறியல் நடக்கட்டும் என்று கெஞ்சினாள். கொணவட்டத்தில்கூட நெரிசல் இல்லை. டிரைவர் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு, கிடைத்த இடைவெளியிலெல்லாம் பஸ்ஸை நுழைத்து, மனிதர் அத்தனை சாமர்த்தியமாக ஓட்டினார்.

பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே வேதாசலம் எழுந்து பின்படிக்குப் போய்விட்டார். பின்னால் வந்த பைக் வெளியே வாசலுக்கு எதிரில் நின்றது. அதன் மேல் இருந்தவன் இறங்கவில்லை, எஞ்சினையும் அணைக்கவில்லை. அலீனா முன்படியின் கடைசிப் படியில் நின்று கண்ணால் துழாவினாள். தூரத்தில் ஒரு தூணோரம் வசந்த் அட்டையோடு நின்று, வேறு ஏதோ பஸ்ஸைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார்.

ஹேமாவை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. பாரதியின் அதே நெற்றி. பச்சை நைட்டியின் மேல் துப்பட்டா போட்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, முன்படி வந்து நிற்கப்போகிற இடத்துக்குச் சரியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். வாராவாரம் வந்து பழகியதால், பஸ் நிற்பதற்கு முன்பே அங்கே போய் நின்றுவிட்டாள். பின்படியில் யாரோ ஓடுகிற பஸ்ஸிலிருந்தே குதித்த சத்தம் கேட்டது.

அலீனாவும் குதித்தாள். கழுத்து அட்டை கம்பியில் மாட்டி அறுந்தது. "ஹேமாக்கா" என்று கூப்பிட்டாள். குரல் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, எதிரே ஓடிவருகிற முன்பின் தெரியாதவளைப் பார்க்காமல், அவள் தோளுக்கு மேலாக, அடுத்து இறங்கப்போகிற அம்மாவுக்காகப் படியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.